ஊறப்போட்ட பின்னூட்டம்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவருக்கு இருந்த பட்டப்பெயர் பரிசீலனை. "தங்கள் புகார் பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு முழு சர்வீஸையும் ஓட்டிவிட்ட மனிதர். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. வந்த புகாரை உடனே பிரிக்கக் கூடாது, கொஞ்ச நாள் ஊறப்போட வேண்டும். பாதிப் புகார் தானே ஆறிப்போகும். ஆறாதவர்கள் மறுபடி எழுதுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கொள்கையால் எத்தனை குழாய்கள் ஒழுகிக்கொண்டே இருந்தன என்று அவர் கேட்டதில்லை.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர், வேறு வேலை இல்லாததால் மனைவியை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தையல் தொழில் செய்கிறவர். வெட்டுகிற மேசை ஜன்னலோரம் இருக்க வேண்டும் என்றார் பரிசீலனை. நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்க வேண்டும் என்றார், அடுக்கியும் வைத்தார். அவசரத்துக்குக் கறுப்பு நூல் அகப்படாத அன்று அந்த அம்மாள் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

"இந்த மனுஷனுக்கு ஒரு ஆபீஸ் பாத்துக் குடுடி. இல்லன்னா நான் கடையை மூடணும்."

மகள் ஞாயிற்றுக்கிழமை வந்து, பழைய கணினியில் அப்பாவுக்கு ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள். "ஆபீஸ் கதையெல்லாம் எழுதுங்கப்பா. படிச்சவங்க கீழ கமென்ட் போடுவாங்க. நீங்க ஓகே பண்ணினாத்தான் அது வெளிய தெரியும்."

"அதாவது, எல்லாம் என் அனுமதிக்கு வரும்?"

"ஆமாம்பா."

ஓய்வுக்குப் பிறகு முதன்முறையாகப் பரிசீலனையின் முகத்தில் களை வந்தது.

'கிடப்பில் உள்ளவை' என்று வலைப்பூவுக்குப் பெயர் வைத்தார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் தன் வீட்டுத் தண்ணீரைவிட ருசியாக இருக்கிறது என்று புகார் கொடுத்தவரைப் பற்றி முதலில் எழுதினார். நன்றாகவே எழுதினார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மனைவிகூடப் படிக்கவில்லை, வீடு அமைதியானதே அவருக்குப் போதுமாக இருந்தது.

சில வாரம் கழித்து 'ஹாரன்' என்ற பெயரில் ஒரு பின்னூட்டம் வந்தது.

"பாம் பாம்! நானும் உங்க ஆபீஸுக்குக் குழாய் ஒழுகுதுன்னு எழுதிப் போட்டேன் சார். 'பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரு வரி வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. கடைசில பழைய டயர் டியூப்பை வெட்டி நானே கட்டினேன். உங்க எழுத்து நல்லாருக்கு. ஆபீஸ்தான் மோசம்."

ஹாரன் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் தூரத்தில் இருந்தான். ஓட்டுகிற காலத்தில் பேச ஆளில்லாமல் அடக்கி வைத்ததை எல்லாம் இப்போது பின்னூட்டமாகக் கொட்டினார். பரிசீலனை அதற்குப் பதில் போட, அவர் இதற்கு ஒரு பதில் போட, முகம் பாராமலே இருவரும் சண்டை பிடித்துச் சிநேகமானார்கள். ஹாரன் தன் கூட்டாளிகளையும் இழுத்து வந்தார். எப்படி எழுதினால் புகாருக்குப் பதில் வரும் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டார்களே, யாரிடம்! பதில் சொல்லாமல் நழுவுகிற சந்து பொந்தெல்லாம் அத்துப்படியானவரிடம். பரிசீலனை ஒவ்வொரு சந்தாக அடைத்து எழுதிக் கொடுத்தார். எரியாத தெருவிளக்கு எரிந்தது. நின்றுபோன பென்ஷன் ஒருவருக்கு வந்தது. காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கணினி முன் உட்கார்ந்தார் மனிதர்.

எல்லாம் சரி, பழைய புத்தி மட்டும் போகவில்லை. வருகிற பின்னூட்டங்களை உடனே திறக்க மாட்டார். "என் கமென்ட் எங்க சார்? கேட்டைப் பூட்டிட்டுத் தூங்குறீங்களா?" என்று ஹாரன் கேட்டதையும் ஊறப்போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊறியது போதும் என்று வரிசையாகத் திறந்தார். அதில் ஒன்றில் பாம் பாம் இல்லை.

"சார், இது உங்களுக்கு மட்டும், வெளிய போடாதீங்க. வியாழக்கிழமை பெரிய கண் ஆஸ்பத்திரில எனக்குப் புரை ஆபரேஷன். கூட ஒரு ஆள் வந்தாத்தான் செய்வாங்களாம். பையனால வர முடியல, கூட்டாளிங்க எல்லாம் வெளியூர்க்காரங்க. உங்களைத் தவிர யாரைக் கேக்கிறதுன்னு தெரியல. காலைல வாசல்லயே நிப்பேன்."

வியாழக்கிழமை நேற்றே முடிந்திருந்தது.

சட்டை மாற்றாமல், வீட்டுச் செருப்போடு ஓடினார். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண், "பேஷன்ட் பேரு?" என்றாள்.

"ஹாரன்," என்றார். சொன்ன பிறகுதான் உறைத்தது, உண்மைப் பெயரை அவர் கேட்டதே இல்லை. "வயசானவர்மா. லாரி டிரைவர். கூட ஆள் இல்லாம வந்திருப்பார்."

"ஓ, அவரா? என் ஃப்ரெண்டு வருவார், பெரிய ஆபீசர்னு சொல்லிட்டு வாசலையே பாத்துட்டு இருந்தார். பாவம். டாக்டர் வேற நாள் வரச்சொல்லி அனுப்பிட்டார்."

போன் நம்பர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்றாள்.

வீட்டுக்கு வந்து இடிந்துபோய் உட்கார்ந்தவரைப் பார்த்து மனைவி மெஷினை நிறுத்தினார். கதையைக் கேட்டார். திட்டுவார் என்று பரிசீலனை காத்திருந்தார், திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"மன்னிப்புக் கேளுங்க. இப்பவே."

"கொஞ்சம் யோசிச்சு, நாளைக்கு..."

"ஊறப்போட்டீங்கன்னா அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவுல போட்டுடுவேன். எழுத்தைப் பெருசாப் போடுங்க. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதில்ல?"

போட்டார். ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் பிடித்தது, அவ்வளவு பெரிய எழுத்து. 'ஹாரன், நீங்கள் கூப்பிட்டது எனக்கு எட்டாமல் போகவில்லை. நான்தான் திறக்காமல் வைத்திருந்தேன். தப்பு என்னுடையது. எந்த நாள் சொன்னாலும் வருகிறேன்.' மகளைக் கூப்பிட்டு, இனி எந்தப் பின்னூட்டத்துக்கும் தன் அனுமதி வேண்டாம் என்று மாற்றச் சொன்னார்.

ஹாரன் வரவில்லை. மற்றவர்கள் தங்குதடையின்றி வந்து எழுதிவிட்டுப் போனார்கள். பரிசீலனை சாப்பிடும்போதுகூடத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இவ்வளவு கொடுமையா என்று அவருக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. தன் மேசையில் ஊறிக்கிடந்த அத்தனை பேரையும் நினைத்து வெட்கப்பட்டார்.

ஒரு வழியாகப் பதில் வந்தது.

"தங்கள் மன்னிப்பு பெறப்பட்டது, பரிசீலனையில் உள்ளது."

பார்த்துவிட்டு மனைவி சிரித்த சிரிப்பில் ஊசி கை தவறியது. பரிசீலனைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே அடுத்தது வந்துவிட்டது.

"பாம் பாம்! திங்கக்கிழமை காலைல. அதே வாசல்."

திங்கட்கிழமை, ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்க வந்த காவலாளிக்கு முன்பே பரிசீலனை அங்கே நின்றார். அத்தனை சத்தமாக எழுதுகிற ஹாரன் ஆட்டோவிலிருந்து இறங்கினபோது ஒல்லியாக, குட்டையாக, குரலே எழும்பாத மனிதராக இருந்தார். கையை நீட்டித் துழாவினார். பரிசீலனை போய்ப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே கூட்டிப்போக வந்த நர்ஸ், "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றாள்.

"ஃப்ரெண்டு," என்றார் பரிசீலனை, அவள் கேட்டு வாய் மூடுமுன்.

ஹாரன் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "பரவாயில்லையே சார், உங்க ஆபீஸ்ல இவ்வளவு சீக்கிரமாக்கூடப் பதில் வருமா?"