தட்டிப் பார்த்த இரும்பு

சேக்காடு போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் வெள்ளை மீசைக்காரர். எந்த இரும்பைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் தகடு பற்றவைத்தவராம்.

என் பேரன் பட்டாளத்தில் டாங்கி ஓட்டுகிறான் என்று பெருமையாகவே சொன்னேன்.

“பயப்படாதீங்கம்மா. அந்தக் காலத்துச் சண்டையில ஊர் ஊரா செத்தாங்க. இப்பல்லாம் சாவு கம்மி.”

யார் சொன்னாலும் உடனே நம்புகிறவள் இல்லை நான்.

“கம்மின்னா, தகட்டை இன்னாத்துக்கு வருசா வருசம் தடிமனாக்கிகினு கீறீங்கோ?”

“தடிமனாக்குறதாலதாம்மா கம்மி.”

“குண்டு செய்யறவன் மட்டும் சும்மா குந்திகினு கீறானா?”

அவர் இறங்கும்போது பேருந்தின் தகட்டைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார். பேரன் ஓட்டும் டாங்கியைத் தட்டியபோது அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் இன்னும் என் சந்தேகம்.