விதானையாரின் மூன்றாவது டிஸ்க்

தீவுப்பக்கத்துச் சரவணை ஊரின் விதானையார் இராசநாயகம் என் கடைக்குள் கால் வைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கிராம சேவகர் வேலையில் இருந்து பென்சன் எடுத்து எட்டு வருசம். இன்னும் நீளக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை. கனடாவில் இருந்து மருமகன் அனுப்பிய லப்ரொப் கணினியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார், ஏதோ சுவாமியைத் தூக்கி வருவது போல. யாழ்ப்பாணத்தில் கணினி திருத்துகிற கடை நடத்தினால் இப்படிப்பட்டவர்களை எல்லாம் சகிக்க வேண்டும்.

அந்த லப்ரொப்புக்குள் இருந்தது வேலி. வேறு ஒன்றுமில்லை. தொண்ணூற்றொன்றில் சண்டைக்குப் பயந்து சனம் தீவை விட்டு ஓடியது. திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, வேலிக்கு நட்ட கதியாலும் இல்லை. எந்தப் பனை எந்த வளவின் எல்லை, எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு என்று கிழடுகளிடம் கேட்டுக் கேட்டுக் கொப்பிகளில் எழுதி, பிறகு மனிதர் ஒற்றை விரலால் தட்டி வைத்திருந்தார். தட்டி முடித்த கொப்பிகளை அடுப்பில் போட்டு எரித்தும் விட்டாராம்.

"கொப்பியெண்டால் ஒருத்தன் வந்து ஒரு ஒற்றையைக் கிழிச்சால் ஒரு வளவு போச்சு, தம்பி. கொம்பியூட்டரைக் கிழிக்க ஏலாது எல்லோ?"

இந்த மூளையை வைத்துக்கொண்டு முப்பது வருசம் அரசாங்க உத்தியோகம் பார்த்திருக்கிறார்.

முதல் தரம் வந்தது 2003இல், ஒரு பின்னேரம் ஐந்து மணிக்கு. எல்லாவற்றையும் சீடியில் அடித்துத் தரச் சொன்னார். நான் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். தீவால் வரும் வழியில், பண்ணைச் சென்றிச் சோதனைச் சாவடியில் ஆமி அவரை மறித்து, இது கணினிதான் என்று திரையை எரிய வைத்துக் காட்டச் சொன்னார்களாம். அது எரிய நேரம் எடுக்க, சந்தேகம் வந்து இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்துவிட்டார்களாம். ஐந்து மணிக்கு மேல் நான் யாருக்கும் வேலை செய்கிறதில்லை. வழக்கம்போல் வாய்க்கு வந்த நாலு புத்தியைச் சொல்லி, லப்ரொப்பில் ஒன்றிரண்டை மாற்றிக் கொடுத்து, இன்னொரு நாளைக்கு வாருங்கோ என்று அனுப்பினேன்.

அடுத்த கிழமை வந்தார். லப்ரொப்புக்குள் இருந்த டிஸ்க் செத்துக் கிடந்தது; தட்டியதெல்லாம் போச்சு. கொழும்பில் இருந்து புதிது எடுத்துப் போட்டேன். மனிதர் மறுபடி வீட்டுக்கு வீடு படலை ஏறி இறங்கி, கேட்டுத் தட்டிக்கொண்டு வந்தார். அதுவும் செத்தது.

"உங்கட தீவு உப்புக்காத்து" என்றேன். லப்ரொப்பைப் பொலித்தீனில் சுற்றினார். "விரலால குத்தாதேங்கோ, அது என்ன உரலே?" என்றேன். மெல்லத் தொட்டுத் தட்டினார். மூன்றாவது டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தபோது கடையில் நின்ற எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "விதானையார், உங்களுக்குக் கொப்பிதான் சரி." அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

அந்த ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, மண்டைதீவில் மாமி வீட்டில் நின்றுவிட்டு வரும்போது, பண்ணைச் சென்றி வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றார். மோட்டார் சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பையை அவிழ்த்தார். பொலித்தீனை நீக்கி மூடியைத் தூக்கினார். திரை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஆமிக்காரன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லாய்ச் சுட்டது. திரையில் ஒன்றும் அசையவில்லை. உள்ளே டக், டக் என்று டிஸ்க் சாகிற சத்தம்.

"இதைப் போட்டபடியே கொண்டு வாறியளோ?"

"ஓம். வீட்டில போட்டிட்டுத்தான் வெளிக்கிடுறனான்."

"உங்களுக்கென்ன விசரோ? உள்ளுக்கை தகடு சுத்தேக்கை, ஊசி மாதிரி ஒண்டு அதில முட்டாமல் நிண்டு வாசிக்கும். இந்தக் கிடங்குகளுக்குள்ளால அடிச்சுக்கொண்டு வந்தால் அது தகட்டைக் கீறாமல் என்ன செய்யும்? ஆர் உங்களுக்கு இந்தப் புத்தி சொன்னது?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீர்தான், தம்பி. சென்றியில மினக்கெட்டுப்போனன் எண்டு சொல்ல, வீட்டிலயே போட்டிட்டு வந்தால் உடன விடுவாங்கள் எண்டு சொன்னனீர். மூடினாலும் நிக்காத மாதிரி நீர்தானே செய்தும் தந்தனீர்."

சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அன்று பின்னேரம் அந்தச் சீடியை அடிக்க எனக்குப் பத்து நிமிசம் போதும் என்பதும் ஞாபகம் வந்தது.

"திரும்பக் கேட்டுத் தட்டலாம்தானே?" என்றேன்.

"கிழக்குப் பக்க வளவுகள் முழுக்கக் கிழவர் சரவணமுத்தர் சொன்னது. அவருக்குத்தான் தெரியும். மனிசன் செத்து, போன கிழமை எட்டுச்செலவும் முடிஞ்சுது."

பின்னால் நின்ற பஸ்காரன் கோன் அடித்தான். அவர் லப்ரொப்பை மூடி, பொலித்தீனில் சுற்றி, கரியரில் கவனமாகக் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை.

"மற்றப் பக்கங்களை எண்டாலும் திரும்ப எடுப்பம். இனி இதை எப்பிடிக் கொண்டு வரட்டும்? நீர் சொல்லும் தம்பி, அப்பிடியே செய்யிறன்."