கோத்தகிரிப் பாதையில் நாட்டு நிலவரம்

ஞாயிறு காலை 6.10. மேட்டுப்பாளையத்தில் குன்னூர் பஸ் ஏறினேன். தூரம் முப்பத்து மூன்று கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய் இருபது பைசா. தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கோவையில் நான் குமாஸ்தாவாக இருக்கும் மில்லில் முந்தின வாரம்தான் போனஸ் கொடுத்திருந்தார்கள். அதில் வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, நாடு நன்றாக முன்னேறுவதாகவே எனக்குப் பட்டது.

பக்கத்து சீட்டில், குன்னூருக்கு மேலே கேத்தி ஊர்க்காரர் ஒருவர். உருளைக்கிழங்கை மண்டியில் இறக்கிவிட்டுக் காலிச் சாக்குகளோடு திரும்புகிறார். "நாட்டு நிலவரம் எப்படிங்க?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"நாடாவதுங்க? கிழங்கு வெலை கெடக்கற கெடைக்கு, இந்த ஆட்சிய மாத்தாம விடக்கூடாதுங்க."

பர்லியாறில் டீக்கு நின்றது. முப்பது பைசா. சுற்றுலாக் கூட்டத்தால் கடைக்காரருக்கு நல்ல வரும்படி. "நாட்டுக்கு என்னங்க கொறை?" என்று டீயோடு கடிக்க எனக்கு ஒரு வர்க்கி பிஸ்கட் இனாமாகக் கொடுத்தார். அவரவர் சட்டைப்பையில் கையை விட்டுப் பார்த்துத்தான் நாட்டு நிலவரம் சொல்கிறார்கள் என்று ஒரு சித்தாந்தம் எனக்குப் பிடிபட்டது. அந்தப் பெருமையில் கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல்கூட வரவில்லை.

9.30. குன்னூரில் பஸ் மாறி, கோத்தகிரிப் பாதையில் பதிமூன்றாவது கிலோமீட்டரில் இறங்கினேன். என் சிநேகிதர் முத்தையா காத்திருந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். எங்கள் மில்லில் ஆறு மாதம் மூட்டை தூக்கிப் பார்த்துவிட்டு, குளிர் இல்லாத ஊரில் தூக்கம் வரவில்லை என்று இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். அவர் வேலை நிரந்தரமாகிவிட்டது. மனைவி கமலாவுக்கு இன்னும் ஆகவில்லை. கொழுந்து நிறைய இருந்தால் கூப்பிடுவார்கள், பனியில் கருகினால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். மூன்று வருடமாக இப்படி. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது, புதிதாக நிரந்தரமாகிறவர்களின் பட்டியலை வாசிக்கிறார்களாம்.

லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், அவர்களுக்கு ஓர் அறை. ரொட்டி, தேங்காய்ச் சம்பல். சாப்பிடும்போது என் கேள்வியைப் போட்டேன்.

"நல்லாத்தாண்ணே போகுது நாடு" என்றார் முத்தையா.

"ஒங்களுக்குப் போகுது. எனக்குப் போன வாரம் ரெண்டே நாளு வேலை" என்றாள் கமலா. "சிலோன்ல நமக்கு ஓட்டே இல்ல. இதான் மொத ஓட்டு. ஆட்சிய மாத்தத்தான் போடுவேன்."

ஒரே அடுப்பில் இரண்டு நாடு. சித்தாந்தம் ஜெயித்த சந்தோஷத்தில் இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டேன்.

திங்கள் காலை 6.45. பெரட்டுக்களத்தில் மூடுபனி. கணக்கப்பிள்ளை பட்டியலை எடுத்தார். கமலா தலைத்துணியின் நுனியைக் கடித்தபடி நின்றாள். ஏழாவது பெயர் அவளுடையது. முத்தையா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். எனக்கே கண் கலங்கியது. பட்டியல் ஒன்பதோடு முடிந்தது.

கூடையை மாட்டிக்கொண்டு வந்தவளை வம்புக்கு இழுத்தேன். "ஏனம்மிணி, இப்ப நாடு எப்படி இருக்குது?"

சிரித்தாள். பிறகு களத்தின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே ஒரு பெண் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அது செல்லம்மா, அடுத்த வீடு. ஒரே கப்பல்லதான் வந்தோம். அவ பேரு வரலண்ணே. நாடு நல்லாருக்குன்னு நான் எப்படிச் சொல்றது? நேத்துச் சொன்ன ஓட்டுத்தான் இன்னைக்கும்."

சொல்லிவிட்டுச் செல்லம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். நான் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன்.

8.20 பஸ். கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. பர்லியாறில் இரண்டு ரூபாய்க்கு வர்க்கி வாங்கினேன். எங்கள் வீதிக்குள் நுழையும்போது மணி இரண்டரை. எதிர்வீட்டுப் பழனிசாமி வேலை பார்த்த மில்லை மூடி நான்கு மாதம் ஆகிறது. பஸ்ஸில் கண்டவரையெல்லாம் நாட்டு நிலவரம் கேட்ட நான், அவரை ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, வர்க்கிப் பொட்டலத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.