உள்பக்கம் திருப்பிப் போட்ட டயர்கள்

திருத்தணியில் இரண்டே கதவுள்ள கார் வைத்திருப்பவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். மூன்றாவது கையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். அதில் உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கும் என்பாள் அம்மா. வேலைக்கு நான் மின்சார ரயிலில்தான் போகிறேன். கார் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. மாதம் ஒருமுறை சென்னைக்கு வெளியே பெரிய சிமெண்ட் தளம் ஒன்றில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைவு வளைவாக வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவருக்குக் கோப்பை. ஆட்டோகிராஸ் என்று பெயர்.

ஒரு நிமிடம்தான் ஓட்டம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் டயர் படாத பாடு படும். ஒவ்வொரு வளைவிலும் கார் சாய்ந்து, டயரின் வெளி ஓரம் சிமெண்டில் அரைபடும். நடுவில் பட்டன் என்கிற ரப்பர் மேடுகள் புதிதுபோல இருக்கும், ஓரம் மொட்டையாகிவிடும். இதைச் சமாளிப்பதே ஒரு தனி வித்தை. ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டம் முடிந்ததும் எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றைக் கூட்டுவேன், குறைப்பேன். சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாயும்படி அலைன்மெண்ட் வைப்பேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். "தேஞ்ச டயரப் பின்னாடி போடாதீங்க. மழையில பின்பக்கம் உங்களக் கேக்காமலே திரும்பிடும்" என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அகலமான சக்கரங்கள் வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் உள்ளே கம்பியில் உரசியது. நடுவில் ஸ்பேசர் என்கிற வட்டத் தகட்டைக் கொடுத்து வெளியே தள்ளினால் மட்கார்டில் இடித்தது. மூன்று வாரம் வேறு நினைப்பே இல்லை. மெல்லிய தகடாக மாற்றி, மட்கார்டின் விளிம்பைச் சூடு காட்டி மடித்து, கடைசியில் டயருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம் கிடைத்தபோது உட்கார்ந்து ரசித்தேன்.

கழற்றிய பழைய டயர்கள் நான்கு மிச்சமிருந்தன.

என் அக்கா வீட்டுக்காரரை நாங்கள் பாவா என்போம். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறவர். துணியை ஏற்றிப்போக ஒரு பழைய கார் வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு அவர்தான் எல்லாம் செய்துகொண்டிருந்தார். அப்பா படுக்கையில் கிடந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர். நான் திருப்பி ஒன்றும் செய்ததில்லை. என் டயர் அவர் காருக்குச் சரியாகப் பொருந்தும் என்று தெரிந்ததும், அவர் கேட்காமலே, "பாவா, நாலு டயர் தரேன், நல்ல டயர்" என்று சொல்லிவிட்டேன்.

டயர் கடைக்கு நான்தான் அவருடைய காரை ஓட்டிப் போனேன். மொட்டையான ஓரம் வெளியே பல்லிளித்தது. கடைக்காரரிடம் டயரைத் திருப்பி, வெளிப்பக்கம் உள்ளே வரும்படி போடச் சொன்னேன்.

"சார், இந்தப் பக்கம் வெளிய வரணும்னு டயர்லயே எய்தி கீது."

"தெரியும்ங்க. போடுங்க."

"ஓரம் சுத்தமா போயிகீதே சார்."

"உள்ளதானே போவுது."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மெஷினைப் போட்டார். மோசமான இரண்டையும் பின்னால் போடச் சொன்னேன். முன்சக்கரம் திரும்பும்போது உள்பக்கம் கண்ணில் படும், பின்சக்கரம் திரும்பாது. அதுதான் என் கணக்கு. எத்தனையோ பேருக்குச் சொன்ன பாடம் அப்போது என் நினைவில் இல்லை என்று சொன்னால் பொய். நினைவில் இருந்தது. பாவா மெதுவாகத்தானே ஓட்டுவார் என்று நினைத்தேன்.

அடுத்த கிருத்திகைக்கு அவர் காரை மலைக்குக் கொண்டுவந்து பூஜை போட்டார். புது வண்டிக்குப் போடுவதுபோல நான்கு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம், அடியில் எலுமிச்சம்பழம். "மச்சான் வாங்கிக் குட்த்த டயரு" என்று குருக்களிடம் சொன்னார். வாங்கிக் கொடுத்தது இல்லை, கழற்றிக் கொடுத்தது என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. அக்கா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், பாவாவும் அக்காவும் திருத்தணிக்கு வரும் வழியில், வளைவில் தேங்கியிருந்த தண்ணீரில் கார் சுழன்றது. வந்த திசையையே பார்த்துத் திரும்பி, அக்கா பக்கம் புளியமரத்தில் மோதியது. பாவாவுக்கு ஒரு கீறல் இல்லை. அக்காவுக்கு இடது முன்கை இரண்டு இடத்தில் உடைந்தது, உள்ளே பிளேட் வைத்தார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாவா வராந்தாவில் நனைந்த சட்டையோடு நின்றிருந்தார். அதற்கு முந்தைய இரவு முழுக்கத் தறி ஓட்டியிருந்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "ராவெல்லாம் முழிச்சிகினு இருந்துட்டு வண்டி எடுத்தா கண்ணு சொருகாதா?"

"இல்ல அத்தே, முழிச்சிகினுதான் இருந்தேன். வண்டி தானா திரும்பிச்சி." பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு மச்சான். வண்டிய பத்தி உனக்குத்தான் தெரியும். அப்டி தானா திரும்புமா?"

திரும்பும். எப்படித் திரும்பும், ஏன் திரும்பும் என்று அவருக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருக்க முடியும். நான் சொன்னது இது: "ஒரு செகண்டு கண்ணு அசந்திருக்கும் பாவா. நமக்கே தெரியாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்து பட்டறைக்கு இழுத்துப் போனேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். முதல் வேலையாக நான்கு டயரையும் கழற்றிவிட்டு வேறு போட்டேன். கழற்றியவற்றை வண்டி நிறைய பழைய டயர் ஏற்றிப் போகிறவனிடம் தள்ளிவிட்டேன். பின் டயர் ஒன்றில் உள் ஓரம் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

பாவா அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லுங்கிக் கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிப் போனார். பஸ்ஸிலும் உட்கார மாட்டாராம், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவாராம். ராத்திரித் தறியை நிறுத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்காவிடம், "இப்ப கண்ணு மூடிச்சா?" என்று கேட்பார். விழித்திருக்கும்போதே தூங்குகிற வியாதி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான்தான். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பாவா, "ஆங், தூங்கிட்டேன் போல கீதுங்க. எனக்கே தெர்ல" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய பழைய மருந்துச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து மாதம் இப்படிப் போனது. அந்தப் பத்து மாதமும் நான் ஓட்டப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு ஞாயிறு, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பள்ளிக்கூட ஆசிரியை, தன் டயர்களைக் காட்டி, "சார், இது ரெண்டும் கொஞ்சம் தேஞ்சிருக்கு, பின்னாடி போட்டுக்கவா?" என்று கேட்டார். வழக்கம்போல வாயைத் திறந்தேன். "பின்னாடி" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நகர்ந்தேன். அன்று என் முறை வந்தபோது காரை எடுக்காமல், பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு நேராகப் பொதட்டூர்பேட்டைக்கு ஓட்டினேன்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. "பாவா, ஒண்ணு சொல்லணும்" என்று நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கத்தியபோது நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஓரம் தேய்ந்தது, திருப்பிப் போட்டது, மோசமானதைப் பின்னால் போட்டது, பட்டறையில் கழற்றி ஒழித்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அங்கிருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நான் தூங்கலியா?"

"இல்ல பாவா."

"கண்ணு அசரவே இல்லியா?"

"இல்ல. டயர்தான்."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அவர் முகம் குழந்தை முகம் மாதிரி மலர்ந்தது. உள்ளே பார்த்து, "இந்தாம்மே, நான் தூங்கலியாம்! முழிச்சிகினுதான் இருந்தேனாம்!" என்று கூப்பிட்டார். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அக்கா கை துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"டாக்டராண்ட இட்டுகினு போனியே, அப்பவும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்கா."

"பக்கத்துல உக்காந்துகினு இருந்தியே."

 அவள் உள்ளே போய்விட்டாள்.

பாவா எழுந்து சட்டையை மாட்டினார். "வா. என்னத் தூங்கினேன்னு சொன்னவங்க எல்லார்கிட்டயும் நீயே உன் வாயால சொல்லணும். வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

முதலில் தெருமுனை டீக்கடை. தறிக்காரர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாவா என்னை முன்னால் நிறுத்தினார். நின்றபடி சொன்னேன். ஒருவர், "படிச்சவன் செய்ற வேலையா இது?" என்றார். இன்னொருவர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நூல் விலைக்குத் திரும்பியது. பாவா எனக்கும் சேர்த்து டீ சொன்னார். கொடுத்தார்கள், குடித்தேன்.

பிறகு டாக்டர். பிறகு நூல் கடை. கடைசியாக என் வீடு. அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, பாவா வாசலில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அத்த ஏன்டா போய் சொன்ன? அவரே மறந்துகினு வந்தாரே" என்றாள். அப்போதுதான் நான் யாரிடமிருந்து எதைக் கற்றேன் என்று தோன்றியது. உடனே, பழியை அம்மாமேல் போடப் பார்க்கிறேனே என்று அதற்கும் வெட்கப்பட்டேன்.

பாவா இப்போது ஓட்டுகிறார். என்னைப் பார்த்தால் பழையபடியே மச்சான் என்கிறார், பேசுகிறார். அவ்வளவு சுலபமாக அவர் பேசுவது எனக்குத் தாங்கவில்லை. போன மாதம் அக்காவின் கையிலிருந்த பிளேட்டை எடுத்தார்கள். அன்று பாவாவின் கார் பட்டறையில் இருந்ததால், ஆஸ்பத்திரிக்கு நான் வண்டி கொண்டுவரட்டுமா என்று அக்காவைப் போனில் கேட்டேன்.

"வாணாம்" என்றாள். "நாங்க பஸ்ல போய்க்கிறோம்."

நான் ரயில் நிலையத்துக்குப் போய், வழக்கமான வண்டியைப் பிடித்து வேலைக்குப் போனேன்.