விடைத்தாளைத் தரம் பிரித்த ஏசுபாதம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் தோல் தொழிலாளர் சங்கத்துப் பலகையில் வாராவாரம் ஒட்டுகிற தாளை இதுவரை படித்தவர்கள்தான் எழுதினார்கள். நான் எழுதக் கற்கத் தொடங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. கோடு போட்ட தாளிலும் எழுத்து மேலேறிப் போகிறது. மூன்று நாளாக எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுவதால் பேனா அழுந்தி இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. மாற்றி எழுதப் பொறுமையில்லை.

செய்தி போனில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, டீக்கடையில் இருந்தேன். சங்கத்துக் குழுவில் யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் கடைக்காரரிடம் போனை நீட்டி, “இன்னான்னு பாருப்பா” என்பேன். இப்போது நீட்டுவதில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். ‘ஏசுபாதம்’ என்று வந்தது. தெரிந்தவர் பெயரை நானே படிக்கும்போது வருகிற சந்தோஷம் சின்ன வயதிலிருந்து படிக்கிற உங்களுக்குப் புரியாது. அந்தச் சந்தோஷத்தோடுதான் அடுத்த சொல்லையும் கூட்டினேன். ‘காலமானார்’ என்று இருந்தது.

ஏசுபாதம் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். நேரில் அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது ‘அவர்’ என்றுதான் கை போகிறது. முடி நீக்கத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர். நான் கடைசிவரை தொட்டியிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். அவர் தரம் பிரிக்கிற மேஜைக்கு ஏறிப் போனார். இருபத்தெட்டு வருஷம் அங்கேதான் நின்றார்.

ஷூ கம்பெனியில் தைக்கிற பிள்ளைகள் தோல் ஷெட்டுக்குள் வந்திருக்க மாட்டீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். தோல் மேஜைக்கு வந்ததும் தரம் பிரிப்பவர் அதன்மேல் உள்ளங்கையை ஓட்டுவார். முள் கீறியது, உண்ணி கடித்தது, சூடு வைத்த தழும்பு எல்லாம் கையில் படும். பிறகு புரட்டுவார். சதைப் பக்கத்தில் சாக்பீஸால் நம்பர் போடுவார். ஒன்று என்றால் உயர்ந்தது, ஆறு என்றால் கடைசி. சந்தேகமான தோலை ஏசுபாதம் எந்த நம்பரிலும் சேர்க்க மாட்டார். தனியாக வைப்பார். மத்தியானம் ஜன்னல் வெளிச்சம் நேராக விழும்போது அதை மறுபடி எடுத்துப் பார்ப்பார்.

ஒருமுறை கப்பலுக்கு அனுப்புகிற அவசரத்தில், அந்தத் தனிக் குவியலை அப்படியே இரண்டாம் நம்பரில் சேர்க்கச் சொன்னார் மேனேஜர். ஏசுபாதம் சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.

“எனக்குத் தெரியலன்னா தெரியலன்னுதான் சார் வெப்பேன். நீங்க வேணா உங்க கையால போடுங்க.”

மேனேஜர் சாக்பீஸை வாங்கவில்லை.

அவருடைய ஒரே மகள் எஸ்தர். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பன்னிரண்டாம் வகுப்பில் பாஸ் செய்தாள், ஆனால் மார்க் கம்மி. நீட் தேர்வில் முதல் தடவை நூற்றைம்பது வந்தது. எழுநூற்று இருபதுக்கு நூற்றைம்பது. மதிப்பெண் தாளை எடுத்துக்கொண்டு வேலூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் தாளைக் கையில்கூட எடுக்கவில்லை. ஒரு விரலால் எங்கள் பக்கம் திருப்பித் தள்ளினார்.

“இந்த மார்க்குக்கு டாக்டரா? வேற எதனா கோர்ஸ் பாருங்க.”

“எங்கெங்க கொறச்சல்னு மட்டும் சொல்லுங்க சார்” என்றார் ஏசுபாதம்.

“எல்லாத்துலயும்தான்.”

திரும்பி வரும் பஸ்ஸில் எஸ்தர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டும்போது ஏசுபாதம் உறையிலிருந்து தாளை எடுத்தார். முன்னால் பார்த்தார். பின்னால் திருப்பிப் பார்த்தார். “பொரட்டிக்கூடப் பாக்காம நம்பர் போட்றான் பாருண்ணே” என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உட்டுத் தொலைடா. பேஜாரு. ஷூ கம்பெனில சேத்து உடு” என்றேன். அந்தப் பிள்ளையின் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். இதை நான் எழுதாவிட்டால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். மாதிரித் தேர்வு ஒன்றை எஸ்தரை எழுத வைத்தார். தப்பான கேள்விகளை எல்லாம் கத்தரிக்கோலால் தனித்தனியாக வெட்டச் சொன்னார். கூடத்துத் தரையில் உட்கார்ந்து அவற்றைத் தோல் பிரிக்கிற மாதிரி பிரித்தார். தெரிந்தும் தவறியது ஒரு குவியல். தெரியாதது ஒரு குவியல். தெரியாமலே எதையோ ஒன்றைக் குறித்தது மூன்றாவது குவியல். பின்னாளில் நானும் அங்கே இருந்தேன். எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற மாலை வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது எஸ்தர்தான். நான் பின்தங்கிப் போனதால் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசுபாதம் ஒரு கேள்வித் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இது ஏன் தப்பாச்சு?”

“தெரியும்பா. அவசரத்துல போட்டுட்டேன்.”

“இது?”

“அதுவும் அவசரம்.”

“இது?”

“அவசரம்தான்.”

“அம்மாடி, எல்லாத் தோல்லயும் முள்ளு கீறியிருக்குதுன்னு ஒருத்தன் சொன்னா, அவன் தோலயே பாக்கலன்னு அர்த்தம். எல்லாத்தயும் எடு. மொதல்லேருந்து வா.”

எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்குக் கேள்வியே புரியாது. நீ இன்னாத்தப் பிரிக்கிற?”

“கேள்வி எனக்கு எதுக்கு? நீ படிக்கச் சொல்லோ உன் கொரல் எங்க வழுக்குதுன்னு கேட்டாப் போதும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மாணிக்கம் அண்ணே, அந்த நோட்டுல அடுத்த வரி இன்னா எழுதியிருக்குது?”

“தெரியலடா.”

“பாத்தியா? அறுவத்தெட்டு வயசுல அந்த மனுசன் தெரியலன்னு சொல்றாரு. உனக்கு இன்னா கேடு?”

எஸ்தர் சிரித்துவிட்டாள். அன்றைக்கு மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருந்தது. தெரியாததை எல்லாம் தெரிந்த மாதிரி குறித்து வந்ததால், எதைப் படிக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. அந்தக் குவியலை மறுபடி பிரித்தார்கள். முக்கால்வாசி பதினோராம் வகுப்பு இயற்பியலில் இருந்து வந்தவை. ஏன் என்று கேட்டார். அந்த வருஷம் அரையாண்டு வரைக்கும் இயற்பியலுக்கு வாத்தியாரே இல்லை என்றாள்.

இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாத்தியார் போடாதது ஒருவருடைய தப்பு. மார்க் குறைந்தது இந்தப் பிள்ளையின் தலையில். ஒரு விரலால் தாளைத் தள்ளிய அந்த ஆளுக்கு இதைக் கேட்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? தோல் பிரிக்கிறவர் கேட்டார். ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர் கேட்டார்.

எஸ்தர் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்தாள். வாராவாரம் மாதிரித் தேர்வு எழுதினாள். வாராவாரம் கத்தரிக்கோல், தரை, குவியல். இரண்டாவது தடவை முந்நூற்று முப்பது வந்தது. அதுவும் போதவில்லை. தெருவில் சிரித்தார்கள். “இன்னா ஏசுபாதம், பொண்ணு இன்னும் ஸ்டூடண்டுதானா?” என்று கேட்டவர்கள் இந்தத் தாளையும் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “ஆமாங்க. இன்னும் ரெண்டு குவியல் பாக்கி கீது.” இந்த மார்ச் மாதம் மாதிரித் தேர்வில் நானூற்று எண்பது எடுத்தாள். ஏசுபாதம் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் ‘2’ என்று சாக்பீஸால் எழுதினார்.

“ஒண்ணு எப்பப்பா போடுவ?”

“அத நான் போடக் கூடாது. காலேஜ்காரன் போடணும்.”

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

இந்த வருஷப் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் கம்பெனி வாசலில் அவரைப் பார்த்தேன். படி இறங்கி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். கம்பெனி மருந்தகத்தில் ‘கேஸ்’, வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

“வேலூருக்குப் போய்க் காட்டுடா.”

“மே மாசம் பரீச்ச முடியட்டும்ண்ணே. இப்போ போனா அது பொஸ்தகத்த மூடிட்டு என் பின்னால ஆஸ்பத்திரிக்கு வந்துடும். நீயும் வாயத் தெறக்காத. சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன். மூன்று மாதத்துக்கு மேல் அதைக் காப்பாற்றினேன்.

ஏசுபாதம், உங்களைத்தான் கேட்கிறேன். சந்தேகத்தைத் தனியாக வைத்தால் அன்று மத்தியானமே வெளிச்சத்தில் எடுத்துப் பார்ப்பீர்களே. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தோலை மறுநாளைக்கு விட்டதில்லையே. உங்கள் நெஞ்சை மட்டும் ஏன் எடுத்துப் பார்க்கவில்லை? பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. எங்கெங்கிருந்தோ ரயிலேறி அங்கே வருகிறார்கள். நீங்கள் போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பொத்தான் போட்டிருந்தார். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து வந்ததும் எஸ்தரின் தாய்மாமன் எல்லோர் முன்னாலும் பேசினார். “அப்பன் உசுர எடுத்துக்கினு படிச்சது போதும். அடுத்த வாரமே ஷூ கம்பெனிக்கு அனுப்புங்க. நான் சொல்லி வெக்கிறேன்.” அவரை அடிக்க எனக்குக் கை எழுந்தது. வாய் எழவில்லை. பஸ்ஸில் நான் சொன்னதும் அதே பேச்சுதானே.

நாலாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். எஸ்தர் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா பண்ற?”

“பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணு கேட்டா. குடுத்துடறேன்.”

“பரீச்ச வருதேம்மா.”

“மூணு மாசமா அப்பா பக்கத்துல உக்காந்துக்கினு இதயத்தப் பத்திப் படிச்சேன் தாத்தா. வால்வு பேரெல்லாம் வரிசையா சொன்னேன். அவரு மூச்சு வாங்கிக்கினே சரி, சரின்னாரு. நான் நிமிந்து பாக்கல. எனக்கெல்லாம் இன்னா டாக்டர் படிப்பு? மாமா சொல்றதுதான் நெசம்.”

“நீ பாக்கலன்னு இல்லம்மா. உனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சோம்.”

அவள் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “மறைச்சோம்னா?”

“அவன் சொல்ல வேணாம்னான். நானும் சொல்லல.”

“எப்போலேருந்து?”

“பொங்கல்லேருந்து.”

விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “வாராவாரம் எங்கிட்ட வந்து எழுத்துக் கத்துக்கினு போனீங்களே தாத்தா. அப்பவும் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எழுந்து போங்க.”

எழுந்து வந்தேன். அவள் தன்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியாவது என்மேல் இறங்கட்டும் என்றுதான் போனேன். இறங்கியது. வழியெல்லாம் அது எனக்கு வலித்தது.

இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“பரீச்ச எழுதப் போறேன்.”

“நல்லதும்மா.”

“நல்லதுன்னு நீங்க சொல்ல வேணாம். உங்க மேல எனக்குக் கோவம் போவல. அம்மாவக் கூட்டிக்கினு போறேன். நீங்க வராதீங்க.”

“சரிம்மா.”

“ஒண்ணு மட்டும் செய்ங்க. நடந்தத எழுதி சங்கத்துப் பலகைல ஒட்டுங்க. அப்பா மறைச்சதயும் எழுதுங்க, நீங்க மறைச்சதயும் எழுதுங்க. மாமா சொன்னத நாலு பேரு கேட்டாங்க. இத எல்லாரும் படிக்கட்டும்.”

“தப்பும் தவறுமா வரும்மா. நீ ஒருவாட்டி பாத்துக் குடுக்கறியா?”

“மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அப்பாவின் பழைய செருப்பைத்தான் போட்டிருந்தாள். அது அவளுக்குப் பெரிது. ஆனாலும் வேகமாகத்தான் நடந்தாள்.

எனவே எழுதிவிட்டேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். ஏசுபாதம் மகளின் படிப்பால் சாகவில்லை. மூச்சு வாங்குவதைச் சொல்லாமல் வேலைக்கு வந்ததால் செத்தார். தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் செத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் தேர்வு எழுதுகிறாள். அவள் தெருவில் போகும்போது யாராவது எதையாவது முணுமுணுத்தால் என் காதுக்கு வரும்.

போய் வாருங்கள் ஏசுபாதம். உங்களுக்காக நான் இன்னும் அழவில்லை. கோபம் தீர்ந்த பிறகுதான் அழ முடியும். எப்போது தீரும் என்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு ஷிப்டுக்கு வருகிறவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் சுண்ணாம்புத் தொட்டியில், இருவர் தோல் பதனிடுகிற டிரம்மில். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர்கள். அடுத்த வியாழக்கிழமை இந்தத் தாளைக் கிழித்து வேறு தாள் ஒட்டுவதற்குள் வேலூர் போய் டாக்டரிடம் காட்டி, அந்தச் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுங்கள். காட்டாவிட்டால் அடுத்த வாரமும் நான் எழுதுவேன். உங்கள் பெயரைப் போட்டே எழுதுவேன். இப்போது எனக்கு எல்லோர் பெயரும் எழுத வரும்.