டயரில் போட்ட சாக்பீஸ் குறி

கடைக்காரர் டயரை ரிம்மிலிருந்து நெம்பிப் பிரித்ததும் உள்ளே வெள்ளையாக, பாதி உறைந்த பசை மாதிரி ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோன் டாலா மேடம் யே?" என்றார். இதை யார் ஊற்றியது என்று கேட்கிறார். நான் எதையும் ஊற்றவில்லை. அது என்னவென்றே எனக்குத் தெரியாது. அவர்தான் விளக்கினார். வழியில் பஞ்சரானால் ஸ்பிரே டப்பாவிலிருந்து வால்வு வழியாக அடிக்கிற மருந்தாம் அது. உள்ளே போய் ஓட்டையை அடைத்துக் கொஞ்சம் காற்றும் பிடிக்குமாம். நாற்பதுக்கு மேல் போகாமல் நேரே டயர் கடைக்கு வந்து சேர்வதற்கு மட்டும்தானாம். அதுவும் நடுவில் ஆணி குத்திய ஓட்டைக்குத்தான். இந்த டயர் பக்கவாட்டில் கிழிந்திருக்கிறது, அங்கே அது வேகத்தில் தாங்காது என்றார். நான் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ரிங் ரோட்டில் நூறில் வந்துகொண்டிருந்தேன். பின்சீட்டில் என் எட்டு வயது மகள்.

பெங்களூரிலிருந்து வரும் கணவரை அழைத்துவர கச்சிபௌலியிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சனிக்கிழமை காலை, சாலை காலியாகத்தான் இருந்தது. பின்னால் பட்டென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் என் கையிலேயே இல்லை. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்துக் கம்பியில் இடித்து, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மகள் அழவில்லை. "அம்மா, மனம் சச்சிபோயாமா?" என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள். நாம் செத்துப்போய்விட்டோமா என்று. ஐயோ! அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மருந்தை அடித்தது என் மாமனார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம். வேலை பார்த்த காலமெல்லாம் சைக்கிளில் போய்வந்த மனிதர், ரிட்டயர் ஆன பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதில் அவருக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, சின்னப் பிள்ளை தோற்றுப் போகும். எங்களோடு வந்து தங்கிய பிறகு வியாழக்கிழமைதோறும் காரை எடுத்துக்கொண்டு லோத்குண்டாவில் இருக்கும் பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போவார். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளும் எங்கள் பதினேழாவது மாடியைச் சகித்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை திரும்பும்போது நடைபாதைக் கல்லில் உரசி டயர் இறங்கியிருக்கிறது. டிக்கியில் கிடந்த டப்பாவை எடுத்து அடித்து, ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார். வெள்ளி எங்கள் பக்கத்து டயர் கடைக்கு விடுமுறை, சனிக்கிழமை கொண்டுபோகலாம் என்று எண்ணம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவில்லை என்று நாங்கள்தான் சொன்னோம். அவரைக் கேட்டால் சொல்லியாயிற்று. அவர் வேலை பார்த்த ஷெட்டில், தற்காலிகமாக எதை ஒட்டுப்போட்டாலும் ஒட்டுப்போட்டவன் அதன்மேல் சாக்பீஸால் வட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போட வேண்டும். அதற்குப் பிறகு எவனும் அந்த வண்டியை நகர்த்த மாட்டான். குறியை அழிக்கவும் மாட்டான். போட்டவன்தான் அழிக்க வேண்டும். வாயால் சொல்வதெல்லாம் அங்கே கணக்கில்லை. அவரும் டயரில் கையகலத்துக்கு வட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக மேலே வந்து தூங்கியிருக்கிறார்.

அன்று மத்தியானம் கணவர் ஹாலில் நின்று கத்தினார். "குழந்தை போயிருக்கும்பா! தெரியுதா உங்களுக்கு?"

மாமனார் முகம் வெளுத்துவிட்டது. "மார்க் போட்டேனேடா. பெருசா போட்டேன். அதப் பாத்துட்டு எப்படி வண்டிய எடுத்தாங்க?"

"மார்க்கா? இது என்ன உங்க ஒர்க்‌ஷாப்பா? அங்க ஒரு மார்க்கும் இல்ல!"

எனக்கு அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் கிளம்பும்போது பின் டயரில் அந்த வட்டத்தைப் பார்த்தேன். அபார்ட்மென்ட் பிள்ளைகள் கிறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, கார் துடைக்கிறவரைக் கூப்பிட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். அவர் கழுவினார். நான் கம்பெனி பஸ் பிடிக்கப் போய்விட்டேன். அன்று ஹாலிலேயே வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் குழந்தையை நானே கொல்லப் பார்த்தேன் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? கணவர் கார் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். மாமனார் அடுத்த வியாழனிலிருந்து பஸ்ஸில் போனார், மூன்று பஸ் மாறி. பிறகு அதையும் குறைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அந்தக் கதை வரும். எல்லோரும் அவரைக் கிண்டல் செய்வார்கள். நான் காபி போட எழுந்து போய்விடுவேன். சே, என்ன பிறவி நான்!

இப்படியே மூன்று வருஷம். போன மாதம் ஒரு சாயங்காலம், அவர் பால்கனியில் தனியாக உட்கார்ந்து கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய், "மாமா, அந்தக் குறியை அழிக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் திரும்பக்கூட இல்லை. "ஹவ், ஆமா," என்றார். "தெரியும்மா. கார் துடைக்கிறவன் மறுநாளே சொல்லிட்டான்."

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்ல. ஒரு மாசம் பாத்தேன், ஒரு வருஷம் பாத்தேன்." என்னை நிமிர்ந்து பார்த்து, "கைக்கு இப்ப சொல்றே?" என்றார். எதற்காக இப்போது சொல்கிறாய் என்று.

கணவர் வந்ததும் மாமனார் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து, "நாளைக்கு வியாழக்கிழமைப்பா, நீங்களே ஓட்டிட்டுப் போங்க" என்று அப்பாவின் கையில் வைத்தார்.

மாமனார் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "நக்கோடா, வேணாம். கண்ணுல பக்கவாட்டுப் பார்வை போயிடுச்சாம். இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." எங்கள் இருவருக்கும் அது புதிய செய்தி. டாக்டரிடமும் தனியாகத்தான் போய்வந்திருக்கிறார். "எப்போலேர்ந்து மாமா?" என்று கேட்டேன்.

"இப்பதான், இந்த ஆறு மாசமா. அதுக்கு முன்னாடி நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்றார்.