எந்த வருஷத்துப்படி

ஐதராபாத் காஞ்சன்பாக்கில் எங்கள் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருந்த ஜம்புநாதன் சார், மூச்சு நின்றவரை மீட்பது எப்படி என்று வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். தொழிற்சாலையிலோ யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. அவரிடம் படித்தவர்கள், படித்ததைச் செய்துபார்க்க வாய்ப்பே இல்லாமல் பதவி உயர்ந்து, தொப்பை வளர்த்து, ஓய்வும் பெற்றுப் போனார்கள். இதில் அவருக்கு வருத்தம் என்று சொன்னால் தப்பாகிவிடும். முழுத் திருப்தி என்றும் சொல்ல முடியாது.

வகுப்புக்கு, இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மை உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. "படுத்துண்டே இருப்பான். நாமதான் சுத்தி நின்னு உபசாரம் பண்ணணும்" என்பார். வீட்டில் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்தே காப்பி குடிப்பவர், பிறர் எச்சில் பட்ட பாத்திரம் இருக்கும் பக்கம்கூடப் போகமாட்டார். அப்படிப்பட்டவர் மாப்பிள்ளையின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, குனிந்து வாயோடு வாய் வைத்து ஊதிக் காட்டுவார். பின்வரிசையில் எழும் சிரிப்பு அவர் காதில் விழுந்ததே இல்லை.

சங்கடம் வேறு இடத்திலிருந்து வந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி உட்கார்ந்து முறையை மாற்றினார்கள். முதலில் இரண்டு தரம் ஊது, பிறகு பதினைந்து தரம் நெஞ்சை அமுக்கு என்றிருந்தது. பிறகு பதினைந்து போதாது, முப்பது என்றார்கள். அதற்கும் பிறகு, ஊதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அமுக்கு என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஜம்புநாதன் சார் புதியதை முழு நம்பிக்கையோடு அடுத்த அணிக்குச் சொல்லிக்கொடுத்தார். பழைய அணிகளையும் திரும்ப அழைக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பார்த்தார். உற்பத்தி கெட்டுவிடும் என்று அனுமதிக்கவில்லை. இப்படியாக எங்கள் தொழிற்சாலையில் மூன்று விதமான சரி நடமாடிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவருடைய பணி நிறைவு விழா கேன்டீன் கூடத்தில் நடந்தது. மாலை, சால்வை, பாராட்டு எல்லாம் முடிந்து அவர் மைக்கைப் பிடித்தார். இனிமேல் எல்லாம் உங்கள் கையில் என்று ஆரம்பித்தவர், நாற்காலியைத் துழாவியபடி சரிந்து தரையில் விழுந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரிடம் படித்துத் தேறியவர்கள். ஐதராபாத்திலேயே மயங்கி விழ இதைவிடப் பத்திரமான இடம் அன்றைக்கு இருந்திருக்காது.

மெஷின் ஷாப் குணசேகரன்தான் முதலில் ஓடினார். அவர் பழைய அணி. சாரின் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, அந்த உதடுகளைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, பிறகு ஊதினார். பதினைந்து தரம் அமுக்கிவிட்டு நிறுத்தினார். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஃபெலிக்ஸ் அவர் தோளைப் பிடித்தார்.

"ஏன்ணே நிறுத்துறீங்க? முப்பது."

"பதினஞ்சுதான். எனக்கு சாரே சொன்னாரு."

"எனக்கும் சாருதாண்ணே சொன்னாரு."

அந்த வருஷம்தான் சேர்ந்திருந்த மஹதி நடுவில் புகுந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். "முதல்ல ஊதறது நக்கோ அங்கிள், வேண்டாம். நிறுத்தாம ப்ரெஸ் பண்ணணும். சார் போன மாசம் சொன்னார்."

மூவரும் ஒரே மனிதரைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரோ நிறம் மாறிக்கொண்டே நடுவில் கிடந்தார். அந்த நேரத்தில் அவர் நெஞ்சில் யாருடைய கையும் இல்லை.

முன்வரிசையில் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரிபுரசுந்தரி மாமி எழுந்து வந்தார். மாமி எந்த வகுப்புக்கும் போனதில்லை. ஆனால் எல்லா வருஷத்து வகுப்பும் ஒத்திகையாக வீட்டுக் கூடத்தில்தான் நடந்திருக்கிறது.

"எந்த வருஷத்துப்படியாவது அமுக்குங்கோளேன்."

குணசேகரன் அமுக்கினார். அவர் களைத்ததும் ஃபெலிக்ஸ் அமுக்கினார். அப்புறம் மஹதி. இடையில் யாரோ ஊதினார்கள், யாரோ ஊதவில்லை. பல வருஷம் போராடி ஜம்புநாதன் சார் வாங்கவைத்த மின்னதிர்ச்சிக் கருவி, டிஸ்பென்சரி ஆம்புலன்ஸில் உறை பிரியாமல் வந்து சேர்ந்தது. ஒரே அதிர்ச்சியில் நாடி திரும்பியது.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்திய மங்கையர்க்கரசி, மயக்கவியல் படித்த மதுரைக்காரர். சாரை மயக்கத்திலேயே வைத்து, சுவாசத்தை இயந்திரத்திடம் விட்டு, மூளையைக் காப்பாற்றுவதற்காக உடம்பைக் குளிரவைத்தார். ஐஸ் தண்ணீர் பட்டாலே தும்முவாரே என்று மாமி பதறினார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இன்னைக்குத் தேதிக்கு இதுதாம்மா சரி. அஞ்சு வருஷம் கழிச்சு வேற மாதிரி சொல்லுவாங்க."

வெளியே வந்த மாமி என்னிடம், "இங்கேயுமா?" என்றார்.

அவர் பிழைத்தார். தொண்டைக் குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் மாமியிடம் முதலில் கேட்டது, "எத்தனைக்கு எத்தனை?"

"பதினஞ்சும் ஆச்சு, முப்பதும் ஆச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விலா எலும்பு இரண்டு முறிந்திருப்பதாக டாக்டர் சொன்னபோதுதான் முகம் தெளிந்தது. ஆழமாகவாவது அமுக்கியிருக்கிறார்கள் என்று ஆறுதல் அடைந்தார். காப்பாற்றிய மூவரும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்கப் போனபோது நன்றி சொல்லவில்லை. மறுபயிற்சிக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

பிறகு கொண்டாப்பூரில் மகன் வாங்கிய ஃபிளாட்டுக்குக் குடிபோனார். தான் கருத்து வேறுபாட்டால் சாக இருந்தவன் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அந்த வளாகத்து சாஃப்ட்வேர் பிள்ளைகளை விடுமுறை நாளில் தூங்கவிடாமல் கிளப்பி, ஒரே முறையை, ஒரே சொற்களில், எல்லோருக்கும் கற்பித்தார். குடியிருப்போர் சங்கத்துப் பணத்தில் கீழ்த்தளத்தில் ஒரு மின்னதிர்ச்சிக் கருவியும் வந்தது. ஒருவர் எண்ண, ஒருவர் அமுக்க, ஒருவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல, நாட்டியம் போல இருக்கும் என்று பெருமையாகப் போனில் சொல்வார்.

இந்த வருஷம் அந்த வளாகத்துப் பிள்ளையார் பந்தலில் பிரசாதத்துக்குக் கை நீட்டியவர் அப்படியே விழுந்தார். நான் அங்கே இல்லை. துக்கம் கேட்கப் போனபோது மாமி சொன்னதுதான். விழுந்த மறுநொடியே ஒரு பிள்ளை அமுக்க ஆரம்பித்துவிட்டானாம். எண்ணிக்கை பிசகவில்லை. கை களைக்கும் முன்னே ஆள் மாறினார்கள். கருவி வந்தது, ஒட்டினார்கள். அதிர்ச்சி கொடுத்துத் திருத்தக்கூடிய துடிப்பு இல்லை, தொடர்ந்து அமுக்குங்கள் என்று அது சொல்லிக்கொண்டே இருந்ததாம். ஆம்புலன்ஸில் வந்தவர்களே, இவ்வளவு சரியாகச் செய்து பார்த்ததில்லை என்றார்களாம். நாடி திரும்பவில்லை.

சொல்லி முடித்து மாமி புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் ஒரு வார்த்தை மாத்திச் சொல்லலை. அன்னிக்கு மாதிரி யாராவது சண்டை போடமாட்டாளான்னு இருந்தது எனக்கு."